குட்டி அண்டாவில் கல்யாண பீர்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மழை. கூரையோரக் குழாயில் சேர்ந்துள்ள இலைகளை அள்ள வேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்ததை இன்றும் ஒத்திவைத்தேன்.

மதிய ரயிலில் ரக்னா பெர்கனிலிருந்து வந்தாள். நனைந்த மழைச்சட்டையைக் கழற்றாமல் சமையலறையில் நின்றபடியே இரண்டு செய்திகளைச் சொன்னாள். ஒன்று, அவளுடைய தாய்மாமன் கித்லே நேற்று வைக்கோற் பரணிலிருந்து இறங்கும்போது ஏணி சரிந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். இரண்டு, ஆகவே அவளுடைய திருமண பீரை நான் காய்ச்ச வேண்டும்.

அந்த "ஆகவே"யை நான் ஆட்சேபித்தேன். முதற்கூற்றிலிருந்து இரண்டாவது பெறப்படவில்லை. எங்கள் வோஸ் நகரில் பீர் காய்ச்சத் தெரிந்தவர்களை எண்ணி முடிப்பதற்குள் விடிந்துவிடும். ஆனால் மணப்பெண்ணின் வீட்டில் காய்ச்சிய வீரியமான பீரைத்தான் பெரிய மரக்கிண்ணத்தில் ஊற்றிக் கைமாற்றிக் கைமாற்றிக் குடிக்க வேண்டும் என்பது இங்குள்ள முறை. மற்ற பானங்கள் கடையிலிருந்து வரலாம். கிண்ணத்தில் ஊற்றுவது வரக்கூடாது. பெண் வீட்டாரால் இயலாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் ஊற்றுவார்கள். மாப்பிள்ளை ஆமுண்டின் தந்தை ஒட்முண்ட், பக்கத்து வட்டாரமான ஹர்தாங்கரில் பேர்பெற்ற பீர்க்காரர். தாமே ஒரு பீப்பாய் கொண்டுவருவதாக இன்று காலையே போனில் சொல்லிவிட்டாராம். அன்போடுதான் சொன்னார் என்றாள் ரக்னா. அதுதான் பொறுக்கவில்லை என்றாள் என் மனைவி போர்கில்ட்.

பரிசீலிப்பதாகச் சொன்னேன்.

"பரிசீலிங்க ஹல்வார்ட். ஆனா கல்யாணம் செப்டம்பர் இருபத்தொண்ணு. அதுக்கு வாய்தா வாங்க முடியாது" என்றாள் ரக்னா.

பதிவுக்காக எழுதிவைக்கிறேன். போர்கில்ட்டை நான் மணந்து ஏழு ஆண்டுகளாகின்றன. ரக்னா அவளுடைய முதற்கணவரின் மகள். அவர் ரக்னாவின் மூன்றாம் வயதிலேயே காலமானார். இந்த ஏழு ஆண்டுகளில் ரக்னா என்னிடம் மரியாதைக் குறைவாக ஒரு சொல் பேசியதில்லை. எதையும் கேட்டதும் இல்லை. சாப்பாட்டு மேசையில் உப்பைத் தவிர.

ஆகஸ்ட் 5

சரிபார்த்தேன். வீட்டில் காய்ச்சிய பீரை விற்காமல் விருந்தினருக்கு வழங்குவதில் சட்டத்தடை ஏதும் இல்லை. சொல்லப்போனால், இந்த மேற்குக் கரையின் பழைய சட்டம் கிறிஸ்துமஸுக்கு பீர் காய்ச்சாத குடியானவனுக்குத்தான் அபராதம் விதித்தது. அலுவலகத்தில் இதைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 7

மாலையில் கித்லேயைப் பார்க்கப் போனேன். அவர் பல் மருத்துவர், ஆடுகளும் வைத்திருக்கிறார். ஊரில் பாதிப்பேர் அவர் முன்னால் வாயைத் திறந்தபடி கிடந்திருப்பதால் அவரை எதிர்த்துப் பேசும் வழக்கம் இங்கே எவருக்கும் இல்லை. என்னை அவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. முதல் நாளிலிருந்தே "வக்கீலய்யா"தான். கிழக்கிலிருந்து வந்தவன், சமவெளிக்காரன், எழுதிக் கையெழுத்து வாங்காமல் காபிகூடக் குடிக்காதவன் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம்.

கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, அவருடைய செப்புக் கொப்பரை அடியில் கசிவு கண்டு ஈயம் பூச பெர்கனுக்குப் போயிருப்பதையும், அது அக்டோபருக்கு முன் திரும்பாது என்பதையும் சொன்னார். அப்புறம், "உங்ககிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டார்.

என்னிடம் இருப்பது என் ஐம்பதாம் பிறந்தநாளுக்குத் தாயும் மகளும் பரிசளித்த மின்சார அண்டா. முப்பது லிட்டர். உள்ளே மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, போட ஒரு சல்லடை வாளி. ஊறல் முடிந்ததும் வாளியைத் தூக்கி வடியவிட்டு, எஞ்சிய சாற்றை அதே அண்டாவில் கொதிக்கவைக்கலாம். அதில் மூன்று முறை மெல்லிய பீர் காய்ச்சியிருக்கிறேன். குடித்தவர்கள் தாகம் தணிந்ததாகச் சொன்னார்கள்.

கித்லே வெகுநேரம் சிரித்தார். பிறகு எழுந்துபோய் உறைபெட்டியிலிருந்து ஒரு ஜாம் சீசாவைக் கொண்டுவந்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் காய்ந்த செதில்கள். அவர்கள் குடும்பத்து ஈஸ்ட்.

"சாறு உடம்புச் சூட்டுல இருக்கும்போதே போடணும். போடும்போது கத்தணும்."

எதற்காக என்றேன்.

"கத்தலைன்னா அது எழுந்திரிக்காது."

எவ்வளவு உரக்க?

"பக்கத்து வீட்டுக்குக் கேக்கணும், வக்கீலய்யா. கோர்ட்டுல பேசற மாதிரி இல்ல."

நிபந்தனையையும் சொன்னார். அவர் ருசி பார்ப்பார். தேறாவிட்டால் ஒட்முண்டுக்கு அவரே போன் செய்து பீப்பாயை ஏற்றச் சொல்லிவிடுவார். பெண்வீடு தலைகுனிந்தாலும் குனியலாம். கிண்ணத்தில் தண்ணீர் போகக்கூடாது.

நான் கிளம்பும்போது, பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் வெறும் சீசாவோடு வாசலில் நின்றார். சென்ற மாதம் யார் வீட்டுப் பெயர்சூட்டு விருந்திலோ கித்லேயின் பீரைக் குடித்தவர். கொஞ்சம் ஈஸ்ட் கிடைக்குமா என்று கேட்டார், அவ்வளவுதான். கித்லேயின் முகம் பதக்கம் வாங்கியவன் முகம்போல ஆயிற்று. இந்த ஊரில் எவரும் ஒரு பீரை நன்றாயிருக்கிறது என்று வாயால் சொல்வதில்லை. மிஞ்சினால் "குடிக்கலாம்" என்பார்கள். உண்மையில் நன்றாயிருந்தால் வெறும் சீசாவோடு வந்து நிற்பார்கள்.

என் வாசலில் இதுவரை ஒருவரும் நின்றதில்லை.

ஆகஸ்ட் 10, சனி

முதல் முறை காய்ச்சினேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வீரியமான பீருக்கு அதிக மால்ட் தேவை. இதில் கருத்து வேறுபாடு இல்லை. கையேட்டில் வாளி கொள்ளும் உச்ச அளவாக எட்டு கிலோ என்றிருந்தது. இத்தகைய வரம்புகளைத் தயாரிப்பாளர்கள் தங்கள் பாதுகாப்புக்காகக் குறைத்தே எழுதுவார்கள் என்று அனுமானித்துப் பத்து கிலோ போட்டேன். ஜூனிபர் என்னும் ஊசியிலைப் புதரின் கிளைகளை வெந்நீரில் ஊறவிட்டு, அந்த மணமான நீரில்தான் மால்ட்டைக் கொட்டினேன். அதுவரை யாவும் சரி.

மால்ட் உப்பும் என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு உப்பும் என்பது தெரியாது. அரைமணியில் வாளி முழுவதும் இறுகிய கூழ். அடியிலிருந்து மோட்டார் ஏற்றிய நீர் கூழுக்குள் புகாமல் ஓரமாக வழிந்து கீழே இறங்கியது. சற்று நேரத்தில் கீழேயும் இறங்காமல் தரைக்கு வந்தது. சலவை அறையில் கணுக்காலளவு இனிப்பு. போர்கில்ட் படியிலேயே நின்று, "உள்ள வரலாமா, இல்ல படகு எடுத்துட்டு வரணுமா?" என்று கேட்டாள்.

கிடைத்த சாற்றில், அடர்த்தி காட்டும் கண்ணாடி மிதவையை விட்டுப் பார்த்தேன். என் பழைய மெல்லிய பீரைவிடக் கொஞ்சம்தான் மேல். மால்ட்டில் பாதி, கூழின் நடுவில், ஈரமே படாமல் இருந்தது.

ஆகஸ்ட் 11

இரவெல்லாம் ஆறிய சாற்றை மூடியுள்ள வேறொரு வாளிக்கு மாற்றி, காலையில் ஈஸ்ட் போட்டேன். கித்லே உடம்புச் சூடு என்றார். கையேடு இருபது டிகிரிக்கு மேல் கூடவே கூடாது என்கிறது, தடித்த எழுத்தில். வாய்மொழியும் அச்சுச்சான்றும் முரண்படும்போது எது நிற்கும் என்பதில் எனக்கு இருபத்தைந்து ஆண்டுப் பயிற்சி. இருபதில் போட்டேன்.

கத்துவது குறித்து: எங்கள் சலவை அறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் தூரிட் இருக்கிறார். பள்ளிப் பேருந்து ஓட்டுநர், ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் அவருக்குத் தூக்கம். வாயைத் திறந்தேன். ஒருவிதச் செருமல் வந்தது. அதைக் கத்தல் என்று எந்த நீதிமன்றமும் ஏற்காது.

ஆகஸ்ட் 13

நுரை இல்லை.

ஆகஸ்ட் 14

நுரை இல்லை. வாளியில் காது வைத்துக் கேட்டேன். "அதுக்கு நாடி பாத்தது போதும், மேல வந்து சாப்பிடுங்க" என்றாள் போர்கில்ட்.

ஆகஸ்ட் 17, சனி

நேற்று முன்தினம் மேலே சில குமிழிகள் தெரிந்தன. இன்று காலை அவையும் இல்லை. கித்லே வந்தார். கோப்பையை ஒரு கையால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன?"

பீர் என்றேன்.

"குற்றவாளி வாக்குமூலம் மட்டும் போதாதே, வக்கீலய்யா. வேற சாட்சி ஏதாவது இருக்கா?"

ருசித்தார். சர்க்கரைத் தண்ணீரில் கம்பளிக் கையுறையை நனைத்த மாதிரி இருக்கிறதாம். எத்தனை டிகிரியில் ஈஸ்ட் போட்டேன் என்று கேட்டார். சொன்னேன். ஏன் என்று கேட்டார். கையேட்டைக் காட்டினேன். கித்லே அதை வாங்கித் தடித்த எழுத்து வரியை மெதுவாகப் படித்தார்.

"எங்க வீட்டு ஈஸ்ட் இந்தப் புத்தகத்தைப் படிச்சதில்ல."

கத்தினேனா என்றும் கேட்டார். பதில் சொல்லாமலிருக்கும் உரிமையைப் பயன்படுத்திக்கொண்டேன்.

அதற்குப் பின் அவர் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குக் கலக்கமாயிற்று. சூட்டை அடுத்த முறை சரிசெய்துவிடலாம், ஆனால் இந்தக் குட்டி அண்டாவில் கல்யாண பீர் வராது என்றார். இடமில்லாத இடத்தில் மால்ட்டை எப்படி அடைப்பது? காபிப் பாத்திரத்தில் முழு ஆட்டை வேகவைக்கிற கதை. அவருக்கும் வழி தெரியவில்லை. அவர் பிறந்ததிலிருந்து பெரிய கொப்பரைதான். இன்றிரவே ஒட்முண்டுக்குப் போன் செய்வதாகச் சொன்னார்.

அவகாசம் கேட்டேன். மாதம் முடியும்வரை கொடுத்தார். ஈஸ்ட் விஷயத்தில் மட்டும் என் சுபாவம் கைகொடுத்தது: எதற்கும் இருக்கட்டுமென்று சீசாவில் பாதியை மீதம் வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 18

ரக்னா போன் செய்தாள். கித்லே சொல்லியிருக்கிறார். "பரவால்ல ஹல்வார்ட், நிஜமா. ஆமுண்ட் அப்பாவோட பீரும் நல்லா இருக்கும். நீங்க இதுக்காகக் கஷ்டப்படாதீங்க."

எவ்வளவு மென்மையாகச் சொன்னாள். கோபித்திருக்கலாம் — கேலி செய்திருக்கலாம், அவள் மாமனைப் போல. வாடகைக்கு இருப்பவரிடம் பேசுகிற மாதிரி "கஷ்டப்படாதீங்க" என்கிறாள்.

எனக்கு என்ன ஆச்சு? ஐம்பத்து மூணு வயசு. ஒரு கிண்ணம் பீர், அவ்வளவுதானே. யார் ஊத்தினா என்ன? ஹர்தாங்கர் பீர் ஊத்தட்டுமே. இல்ல. ஊத்தக்கூடாது. ஏழு வருஷத்துல ஒரே ஒரு தடவை ஒண்ணு கேட்டா. அதையும் கையேட்டைப் பாத்துக் கெடுத்தேன்.

மேற்கண்ட பத்தி உணர்ச்சிவசப்பட்டு எழுதப்பட்டது. அடித்துவிடலாம் என்று நினைத்தேன். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 21

அலுவலகத்தில் ஒரு மேல்முறையீட்டு மனு. எல்லைத் தகராறு, சலிப்பூட்டும் வழக்கு. கீழ்நீதிமன்றப் பதிவுகள் முழுவதையும் மேலே அனுப்பிவிட்டுப் புதிய சான்றுகளை அவற்றோடு சேர்ப்பது நடைமுறை. வழக்கைத் தொடக்கத்திலிருந்து மறுபடி கட்டுவதில்லை. கட்டு தடித்துக்கொண்டே போகும்.

பேனாவைக் கீழே வைத்தேன்.

மால்ட் முழுவதையும் ஒரே நேரத்தில் வாளிக்குள் அடைக்க வேண்டும் என்று யார் சொன்னது? பாதியை ஊறவைத்து வடித்து, சக்கையைக் கொட்டிவிட்டு, அந்தச் சாற்றையே தண்ணீராகக் கொண்டு மறுபாதியை ஊறவைத்தால்? வாளி ஒவ்வொரு முறையும் பாதிதான் நிறையும், கூழ் இறுகாது, சாறு இருமடங்கு தடிக்கும். பிறகு கொதிக்கவிட்டு இன்னும் சுண்டவைக்கலாம். கொதிக்கும் நேரத்துக்கு எந்த அண்டாவும் வரம்பு போடவில்லை.

கித்லேயிடம் சொன்னேன். போனில் நெடுநேரம் சத்தமில்லை. ஏதோ பல்லைப் பிடுங்குகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் அவருக்குக் கை முறிந்திருப்பது நினைவுக்கு வந்தது.

"பெரிய கொப்பரைக்காரனுக்கு இதெல்லாம் தோணாது" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளலாமா என்று போர்கில்ட்டிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள்.

ஆகஸ்ட் 24, சனி

ரக்னாவுக்கு நான் சொல்லவில்லை. போர்கில்ட் சொல்லியிருக்கிறாள். காலை ரயிலில் வந்து, நேராக மேட்டுக்குப் போய், காய் பிடித்த ஜூனிபர்க் கிளைகளாகப் பார்த்து ஒரு கட்டு வெட்டிக்கொண்டு வந்தாள். சலவை அறை வாசலில் அதை வைத்துவிட்டு, "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றாள். பெர்கனிலிருந்து.

முதல் ஊறல் பிசகில்லாமல் நடந்தது. சக்கையைக் கித்லேயின் ஆடுகளுக்காகச் சாக்கில் கொட்டினோம். அந்தச் சாற்றிலேயே மறுபாதி மால்ட். சற்று நேரத்தில் வீடு முழுக்க ரொட்டி வேகும் வாசமும் காட்டு வாசமும் கலந்து அடித்தது. வாளியைத் தூக்கும்போது நானும் ரக்னாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். வடிந்த சாறு பழுப்பாக, எண்ணெய்போல, நிதானமாக இறங்கியது. மிதவையை விட்டேன். அது மூழ்க மறுத்து மேலேயே நின்றது. மறுபடி துடைத்துவிட்டுப் பார்த்தேன். வேறொரு மிதவையைக் கடன் வாங்கிச் சரிபார்க்கலாமா என்றேன்.

"ஹல்வார்ட், அது உண்மையைத்தான் சொல்லுது. விடுங்க" என்றாள் ரக்னா.

பிற்பகல் முழுவதும் கொதித்தது. சுண்டச் சுண்ட நிறம் கறுத்தது. போர்கில்ட் தட்டை ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் கொண்டுவர, மூவரும் துவைக்கும் இயந்திரத்தின்மேல் வைத்துச் சாப்பிட்டோம். சன்னல் கண்ணாடியில் ஆவி. ரக்னா அதில் விரலால் ஆடு வரைந்தாள். அது ஆடு என்பதைச் சொன்ன பிறகுதான் ஏற்றுக்கொண்டோம்.

மாலையில் அந்த மூடிவாளிக்கு மாற்றி ஆறவிட்டேன். இம்முறை உடம்புச் சூட்டில், மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டால் சுடாமலும் குளிராமலும் இருக்கும் நிலையில் நிறுத்தினேன். வெப்பமானியையும் வைத்துப் பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. செதில்களைத் தூவினேன். இருவரும் என்னையே பார்த்தார்கள்.

"இப்ப கத்துங்க" என்றாள் போர்கில்ட்.

பக்கத்து வீட்டில் தூரிட் இருப்பார் என்றேன். அதற்காகத்தான் கத்துவது என்றாள் ரக்னா.

நான் வாழ்நாளில் கத்தியதில்லை. பிறந்தபோது கத்தியிருக்கலாம், அதற்குச் சாட்சி இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். அடிவயிற்றிலிருந்து என்னவோ கிளம்பி வந்தது. எனக்குள் அப்படியொன்று இருப்பது எனக்கே தெரியாது. வாளி அதிர்ந்தது, சன்னலில் ஆடு வழிந்தது. கண்ணைத் திறந்தபோது தாயும் மகளும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்துக் குலுங்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த கணமே தூரிட் படியிறங்கி ஓடிவந்தார், கையில் தீயணைப்பான், காலில் ஒற்றைச் செருப்பு.

"யாருக்கு என்ன?"

பீருக்கு ஈஸ்ட் போட்டோம் என்றேன்.

தூரிட் வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களா கத்தினது? நான் போர்கில்ட்டுன்னு நெனச்சேன். உங்களை யாரோ கொன்னுட்டாங்கன்னு அவ கத்தறாப்பல இருந்துது." பிறகு தீயணைப்பானைக் கீழே வைத்துவிட்டு, "எப்ப வடிப்பீங்க?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 25

விடியற்காலையில் இறங்கிப் பார்த்தேன். நுரை வாளியின் மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு, சூடு இறங்காமலிருக்கச் சுற்றியிருந்த போர்வையின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆரஞ்சுத் தோல் வாசம். துடைக்கவில்லை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 27

புளித்து முடிந்த பீரை இன்று வடித்தேன். வடிக்கும் நாளில் இங்கே யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்கள் வருவார்கள், வந்தவரைத் திருப்பியனுப்பவும் கூடாது. ஆகையால் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஆறு கோப்பைகளைக் கழுவி வைத்தேன்.

முதலில் தூரிட் வந்தார், இரண்டு செருப்புடன். பிறகு அவரோடு பேருந்து ஓட்டும் இன்னொருவர். பிறகு எதிர்வீட்டுத் தம்பதியர். கோப்பை பற்றாமல் காபிக் கோப்பைகளை எடுத்தோம். துவைக்கும் இயந்திரத்தின்மேல் ஒருவர், படிகளில் நால்வர். என் வீட்டு நிலவறையில் இத்தனை பேர் நின்று நான் பார்த்ததே இல்லை.

கடைசியாகக் கித்லே. ஒரு வாய் குடித்தார். பற்களுக்கிடையே வைத்திருந்து விழுங்கினார். அது தொழில் பழக்கமாயிருக்கலாம். கோப்பையை நீட்டினார். மறுபடி ஊற்றினேன். அதையும் முடித்தார்.

"ஒட்முண்டுக்குப் போன் பண்ணணும்" என்றார்.

அண்டாவைப் பிடித்துக்கொண்டேன்.

"வண்டியில பீப்பாய் ஏத்த வேண்டாம்னு சொல்லணும். வெறுங்கையோட வரட்டும்."

மிதவைக் கணக்குப்படி வீரியம் ஒன்பது சதவீதத்துக்குச் சற்று மேல். மூன்றாவது கோப்பை பற்றிப் படியிலிருந்தவர்களுக்கு எச்சரிக்கை விடுத்தேன். மதிக்கப்படவில்லை. கல்யாணத்துக்கு வேண்டியதை முன்னதாகவே அடைத்துப் பூட்டிவைத்திருந்தேன்.

செப்டம்பர் 8

வாளியின் அடியில் படிந்த ஈஸ்ட் வண்டலைக் காயவைத்துப் பாதியைக் கித்லேயிடம் ஒப்படைத்தேன். ரசீது கேட்கவில்லை. கேட்க நினைத்தேன்.

செப்டம்பர் 21, சனி — திருமண நாள்

எழுதும் நிலையில் இல்லை. நாளை.

செப்டம்பர் 22

மழை பெய்யவில்லை. வோஸில் இதுவே ஒரு செய்தி.

தேவாலயம், ஊர்வலம், பாரம்பரிய உடைகளின் வெள்ளிப் பொத்தான்கள், பிடில்காரர் வழியில் நின்றுவிட்டது, எல்லாவற்றையும் போர்கில்ட்டின் தங்கை படமெடுத்திருக்கிறாள். நான் கிண்ணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கிண்ணத்தை நிரப்பி இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தேன். கிண்ணம் முதலில் சம்பந்தியிடம் போக வேண்டும். ஒட்முண்ட் எழுந்து நின்று வாங்கினார். அகன்ற மனிதர், அகன்ற தாடி. குடித்தார். நீளமாகவே குடித்தார். பிறகு கிண்ணத்தைச் சற்றே சாய்த்து அதன் விளிம்பிலிருந்த சித்திரவேலையை உற்றுப் பார்த்தார்.

"இந்தக் கிண்ணத்தை யார் கடைஞ்சது?" என்று கேட்டார்.

சொன்னேன். "நல்ல மரம்" என்று சொல்லிப் பக்கத்தவரிடம் கொடுத்துவிட்டார்.

நல்ல மரம். பந்தி முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இருமுறை ஊறவைத்து, ஒரு பிற்பகல் முழுக்கக் கொதிக்கவைத்து, ஊரைக் கூட்டிக் கத்தி — நல்ல மரமாம். கிண்ணம் மேசையைச் சுற்றிவந்து காலியாயிற்று, நிரப்பினேன், மறுபடி காலியாயிற்று. ஒரு சொல் யாரும் சொல்லவில்லை. கடைசியில் பாட்டு மட்டும் கொஞ்சம் உரத்தது.

ரக்னா கிண்ணத்தை வாங்கியபோது குடிப்பதற்கு முன் என் பக்கம் திரும்பி, வாயை மட்டும் அகலத் திறந்து, சத்தமில்லாமல் கத்திக் காட்டினாள். மூன்று இருக்கை தள்ளியிருந்த பாதிரியாருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது.

செப்டம்பர் 23

காலை எட்டு மணி இருக்கும். விருந்தினர் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கித்லே எங்கள் வாசலில் நின்று சம்பந்தி வீட்டாரை வழியனுப்பிக்கொண்டிருந்தார். நான் உள்ளே காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. ஒட்முண்ட் வண்டிவரை போய்விட்டுத் திரும்பி வந்தார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்.

"கித்லே, உங்க வீட்டு ஈஸ்ட் கொஞ்சம் கிடைக்குமா?" பின்னாலிருந்து கையை எடுத்தார். ஊறுகாய் சீசா ஒன்று, கழுவி, மூடியுடன்.

சட்டப்படி யோசித்தால் கேள்வி சரியான இடத்தில்தான் கேட்கப்பட்டது. ஈஸ்ட் கித்லேயின் குடும்பத்துடையது. என்னிடம் இருப்பது இரவல். இரவலின் பெருக்கமும் உரியவரையே சேரும். நான் காபிக் கெண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து இதைச் சொல்ல வாயெடுத்தேன்.

கித்லே முந்திக்கொண்டார்.

"என்னை ஏன் கேக்கறீங்க? என் சீசாவுல இருக்கறது தூங்குமூஞ்சி. நீங்க குடிச்சது இதோ நிக்கறாரே எங்க வீட்டு மாப்பிள்ளை, அவரோட ஈஸ்ட்டு. அவரைக் கேளுங்க."

ஒட்முண்ட் சீசாவை என் பக்கம் நீட்டினார்.

நான் நிபந்தனைகள் எதுவும் விதிக்கவில்லை. உடம்புச் சூட்டில் போட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். கத்த வேண்டும் என்றும். "எங்க ஊர்லயும் கத்துவோம்" என்றார் அவர், சற்றே மனத்தாங்கலுடன்.

அவர்கள் போன பிறகு கித்லே சமையலறையில் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவித் தரச் சொன்னார். அவர் கை இன்னும் கட்டில்தான். தடவிக் கொடுத்தேன்.

"இன்னும் கொஞ்சம் தாராளமா தடவுங்க, மாப்பிள்ளை. இதுக்கு வரம்பு எந்தப் புத்தகத்துலயும் போடல."

அக்டோபர் 16

கித்லேயின் கொப்பரை ஈயம் பூசி வந்துவிட்டது. கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதன் வயிற்றில் என் அண்டாவை வைத்துப் பார்த்துச் சிரித்தோம்.

டிசம்பர் 14, சனி

கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சும் நாள். கித்லே தம் கொப்பரையில் நாளை காய்ச்சுகிறார்; அதற்குக் கொஞ்சம் ஈஸ்ட் வேண்டுமென்று காலையில் வெறும் சீசாவோடு வந்தார். கொடுத்தேன்.

ரக்னாவும் ஆமுண்டும் மூன்று நாள் விடுமுறையில் வந்திருக்கிறார்கள். வாளியைத் தூக்க ஆட்கள் அதிகமாகிவிட்டதால் நான் மிதவையோடு நிறுத்திக்கொண்டேன். சாறு ஆறியது. செதில்களைத் தூவினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கண்ணை மூடாமலேயே கத்தினேன்.

பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அடிவயிற்றிலிருந்து, தூரிட் பதிலுக்குக் கத்தினார்.